இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு குழி

யாராவது பேய் பிசாசு என்று பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எரிச்சல்தான் காரணம். முப்பது வருடத்துக்கு மேல் அடியும் அங்குலமுமாக வரைந்து பிழைத்தவனுக்கு அந்தப் பேச்செல்லாம் பொறுக்காது. என் மனைவியின் காரியத்துக்கு முந்தின நாள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு, அம்மா வந்துவிட்டாள் என்று மகள் அழுதாள். போய்ப் பார்த்தேன், பூனை. எனக்குத் தெரிந்தவரை எப்போது போய்ப் பார்த்தாலும் பூனையாகத்தான் இருந்திருக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்த எழுபத்தெட்டு வயது வரை எனக்குப் பூனை அகப்படவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டியவளே நம்பவில்லை, நீங்கள் நம்பி இனி என்ன ஆகப்போகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்து நாலைந்து வருடம் இருக்கும். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்ட்டுகள், வெளியே பட்டாளம், நடுவே தோட்டத்து ஜனங்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலை ரப்பர்ப் பால்மரம் சீவப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள், ஒரு பிடி சோறு கூட வெளியே போகக் கூடாது, போனால் அது காட்டு ஆட்களுக்குத்தான் என்று அர்த்தம். அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு நில அளவை ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, சைக்கிள். அலோர் காஜா பக்கத்தில் நாங்கள் கல்மேட்டுத் தோட்டம் என்று சொல்லும் இடத்து லயத்தில் பிறந்தவன்தான் நான், ஆனால் அதை ஆபீஸில் நானாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் பட்டாளத்துக் கேப்டன் ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார். சிவந்த முகம், மெதுவான பேச்சு, மரியாதையான மனிதர் என்றே சொல்ல வேண்டும். அவருக்கு அந்த வரைபடத்தில் இருந்த மலையும் தோட்டமும் கண்ணால் பார்க்கிற மாதிரி மேசைமேல் வேண்டுமாம். கான்டூர் கோட்டைப் பார்த்து மலையைக் கற்பனை பண்ண அவருடைய ஆட்களுக்கு வராது என்றார். எங்கள் சீஃப் யாழ்ப்பாணத்துக்காரர், உடனே என்னைக் கைகாட்டினார்.

கான்டூர் என்றால் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் சேர்த்துப் போடுகிற கோடு. அந்த வரைபடத்தில் இருபத்தைந்து அடிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டையும் தடித்த அட்டையில் படியெடுத்து, வளைவு மாறாமல் கத்தியால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் அட்டையின் கனம் இருபத்தைந்து அடி. எல்லாம் ஒட்டி முடித்தால் படிக்கட்டு மாதிரி ஒரு மலை நிற்கும். அப்புறம் அந்தப் படிகளைப் பிளாஸ்டரால் நிரப்பிச் சரிவாக இழுத்துவிட்டு, காய்ந்ததும் வண்ணம் பூச வேண்டும். இதில் ஒரு விஷயம் உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே தரை எப்படிக் கிடக்கிறது என்று வரைபடத்துக்குத் தெரியாது. அங்கே இருபது அடி ஆழத்தில் குழி இருந்தாலும் கோட்டில் விழாது. அந்த இடத்தை நாங்கள் ஒரே சீராக இழுத்துவிடுவோம், வேறு வழியில்லை.

வரைபடத்தைப் பிரித்து மேசையில் ஆணி அடித்த பிறகுதான் பார்த்தேன். கல்மேட்டுத் தோட்டம். எங்கள் லயம், கோயில், ஆறாம் நம்பர் மலைக்காடு, எல்லாம்.

முதலில் நான் தேடியது ஒரே ஓர் இடத்தைத்தான். தோட்டத்தின் எல்லையில், மலையடிவாரத்தில், ஊற்றுத் தண்ணீர் கசிகிற ஒரு குழி உண்டு. சின்ன வயதில் அக்காவும் நானும் அங்கே ஒளிந்துகொள்வோம், அப்பா கூப்பிட்டால் கேட்காத மாதிரி இருப்போம். வரைபடத்தில் அந்தக் குழி இல்லை. இருநூற்று இருபத்தைந்து கோட்டுக்கும் இருநூற்று ஐம்பது கோட்டுக்கும் நடுவே வெறும் வெள்ளைத்தாள். எனக்கு மூச்சு வந்தது.

ஏன் என்றால், அதற்கு முந்தின மாதம்தான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா பெயர் பாக்கியம், என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு ஊட்டினவள், பத்து வயதில் என்னை டவுனுக்குப் படிக்க அனுப்பச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டவள். அவள் புருஷன் வீரையா மாமா தொழிற்சங்கத்து ஆள். அவசரகாலம் அறிவித்த வாரமே காணாமல் போனார், சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"ஒங்க மாமா சிங்கப்பூருக்குப் போகல தம்பி," என்றாள் அன்றைக்கு, பசியாறிக்கொண்டு இருக்கும்போது, குரலைக் கூடக் குறைக்காமல். "இங்கதான் இருக்காரு. எளச்சுப் போயிட்டாரு."

"எங்கக்கா?"

"நாம ஒளிஞ்சு வெளையாடுவோமே, அந்தக் குழிக்கு வருவாரு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம சோறு கொண்டுபோய் வெப்பேன். வாளிக்கு அடியில வச்சு மேல ஒட்டுப்பாலப் போட்டுருவேன். அந்த நாத்தத்துல எவன் கைய விடுவான்?" ஒட்டுப்பால் என்றால் மரத்தில் சீவின இடத்தில் உறைந்து ஒட்டிக்கிடக்கிற ரப்பர், பிணம் மாதிரி நாறும்.

"எதுக்குக்கா எங்கிட்ட சொல்ற?"

"ஒருத்தருக்காவது தெரியணும்லா," என்றாள். அவ்வளவுதான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அட்டையெல்லாம் ஒட்டி முடித்திருந்தபோது கேப்டன் ஒரு தரம் வந்து பார்த்தார். சீஃப் எங்கே விசாரித்தாரோ தெரியவில்லை, "இவன் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டார். கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோட்டில் வராத ஏதாவது அங்கே உண்டா, பாறை, குகை, பள்ளம், உனக்குத் தெரிந்தது எதுவானாலும் சொல் என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை, சார்," என்றேன்.

"ஒண்டும் விட்டுப் போகக் கூடாது, விளங்குதோ?" என்றார் சீஃப் தமிழில்.

"இல்லைங்க சார். ஒன்றும் இல்லை."

அன்று மாலைதான் மலையின் அந்தச் சரிவுக்குப் பிளாஸ்டர் இழுத்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழுத்தேன். பாக் ஹசான் என்று ஒரு மலாய்க்காரர், ஆபீஸ் பியூன், அட்டை மலை இருந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் அங்கே ஒரு பள்ளம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நுனியை வைத்து மெல்ல அழுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பிளாஸ்டர் காயும்போது சுருங்குவது சகஜம், அடியில் காற்றுக்குமிழி இருந்திருக்கும். கரைத்து நிரப்பித் தேய்த்துவிட்டேன். அது சரியாக அந்த இடம்தான் என்று மனசு சொன்னது. ஆனால் வடிவம் வேறு மாதிரி இருந்தது, அதில் ஓர் ஆறுதல். எங்கள் குழிக்கு வாய் கிழக்கே, ரப்பர் மரங்களைப் பார்த்து இருக்கும், அந்தப் பக்கம்தான் நாங்கள் தவழ்ந்து உள்ளே போவோம். இந்தப் பள்ளத்துக்கு மேற்கே, காட்டுப் பக்கம் வால் நீண்டிருந்தது. ஆக இது பிளாஸ்டரின் கோளாறு, அவ்வளவுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மறுநாளும் இருந்தது. அதே இடம், அதே மேற்கு வால், கொஞ்சம் கூடுதல் ஆழம். இந்தத் தடவை பிளாஸ்டரைச் சுரண்டி எடுத்து அடியில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை சமமாக, விறைப்பாக இருந்தது, ஈரம் கூட இல்லை. பாக் ஹசானைக் கூப்பிட்டு அறைக்குள் யார் வந்தது என்று சத்தம் போட்டேன். யாரும் வரவில்லை என்றார் அவர். இரண்டாம் தடவையாக நிரப்பிவிட்டு, எலியோ கரப்பானோ என்று மேசையின் நாலு காலையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன்.

மூன்றாம் தடவை நடந்ததைத்தான் நீங்கள் நம்பப் போவதில்லை. ராத்திரி நேரமெல்லாம் இல்லை, பட்டப்பகல், சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டு மணி இருக்கும். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் எல்லாரும் முன்பக்க ஹாலில். நான் மறுபடியும் பள்ளத்தை நிரப்பி, மேசை விசிறியைத் திருப்பி வைத்துக் காயவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னதான் ஆகிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. கண்ணை எடுக்கவில்லை, தூங்கவும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்துக்கொண்டேதான் இருப்போம், நகர்ந்தது மட்டும் தெரியாது. அப்படித்தான் இதுவும். சமமாக இருந்தது, சமமாகவே இருந்தது, அப்புறம் பார்த்தால் பள்ளமாக இருந்தது, எப்போது ஆனது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடியில் ஒரு துளி தண்ணீர் நின்றது. சுற்றிலும் பிளாஸ்டர் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. குனிந்தேன். அழுகின இலை வாசம், ஊற்றடி வாசம். பத்து வயதுக்குப் பிறகு என் மூக்கில் ஏறாத வாசம்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். பாக் ஹசான், கையில் தேத்தண்ணிக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்திருந்தார். அவர் இறந்து பல வருடம் ஆகிறது, சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

"சூடா லா, என்சே," என்றார் மலாயில். "ஜாங்ஙான் துத்துப் லாகி." போதும் ஐயா, இனிமேல் அதை மூடாதே என்று அர்த்தம். குவளையை வைக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் மூடினேன். மூடாமல் என்ன செய்வேன்? அதைவிட ஒரு காரியம் செய்திருக்கலாம், மேசையோடு சாய்த்து அந்த மலையையே தரையில் போட்டு உடைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றாமல் இல்லை. வேலை போய்விடுமே என்றும் கூடவே தோன்றியது. கெட்டிப் பிளாஸ்டராகக் கரைத்து நாலாவது தடவை நிரப்பினேன், காய்ந்ததும் மலை முழுக்கப் பச்சை பூசினேன், எல்லைக் கோட்டுக்குச் சிவப்பு, லயங்களுக்குக் கறுப்பு. இரண்டு நாள் காயவிட்டேன். இரண்டு நாளும் காலையில் வந்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்தேன். சமமாக இருந்தது. மேலே ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் கேப்டன் வந்தார், கூட இன்னும் இரண்டு அதிகாரிகள். சீஃப் துணியை எடுத்தார். மூன்று பேரும் பாராட்டினார்கள். கேப்டன் பேசிக்கொண்டே கண் தெரியாதவர் மாதிரி உள்ளங்கையை மலைமேல் ஓட்டிக்கொண்டு வந்தார், உச்சியிலிருந்து கீழே, ஆறாம் நம்பர் மலைக்காடு, எல்லை. அங்கே விரல் நின்றது. நின்றது மட்டும் இல்லை, உள்ளே போனது.

"இங்கே என்ன?" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். இருந்தது.

"பிளாஸ்டர் சுருங்கியிருக்கிறது, சார். கோளாறு. இப்போதே சரி பண்ணித் தருகிறேன்."

அவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், கோடுகளுக்கு நடுவே வெள்ளைத்தாள். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன், அவ்வளவு கனிவு அதில்.

"நீ வாயைத் திறக்க வேண்டாம்," என்றார் இங்கிலீஷில், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்குப் புரிகிறது." தோளில் இரண்டு தட்டு தட்டினார். பயந்து வாயால் சொல்லாமல் கையால் காட்டியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அட்டை மலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அதற்குப் பிறகு நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு அலோர் காஜா பஸ் ஏறினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், சடக்கு ரோட்டில் நடந்தே போனேன். கேட்டில் ஒரு காவல்காரப் பையன், துப்பாக்கி அவனைவிட உயரம். பதிவுப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, பேர், அடையாளக் கார்டு நம்பர், யாரைப் பார்க்க வந்தாய், எல்லாம் எழுது என்றான். பேனாவை வாங்கினேன். என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுத வேண்டும். பட்டாளம் பதுங்கிக் காத்திருந்தும் குழிக்கு யாரும் வராமல் போனால், யார் போய்ச் சொன்னது என்று கேப்டன் இந்தப் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுவார். அந்தக் கனிவு அப்புறம் இருக்காது. தோட்டம் மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பஸ் வர நேரம் இருந்தது. அலோர் காஜாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். நன்றாக இருந்தது அந்தத் தேத்தண்ணி. அதுகூட ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை மாமாவைச் சுட்டார்கள். கூட இன்னொருவர், சீனர். இரண்டு பேரையும் டவுனுக்குக் கொண்டுவந்து வெட்டவெளியில் கிடத்தி, ஜனங்களை வரிசையில் நடந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். நான் போகவில்லை. அக்காவை வாளியோடு பிடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத்தான் அவளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நடுவே கம்பி வலை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்ன விசாரணை நடந்தது, எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் குழி எத்தன பேருக்குத் தெரியும் தம்பி?"

அவளே எண்ணினாள்.

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும். நான் சொல்லல. அவரு செத்துட்டாரு."

அப்போதுதான் சொன்னேன். அட்டை, பிளாஸ்டர், நாலு தடவை மூடினது, தண்ணீர்த் துளி, பாக் ஹசான், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், நாக்கு குழறக் குழறச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள். அப்படிக் கேட்டாள்.

"மூணு மாசமா இதத்தான் யோசிச்சு வச்சியா?" என்றாள்.

"சத்தியம்க்கா."

"வேலய வுட்றாத," என்றாள். "கஷ்டப்பட்டுப் படிச்ச வேல." எழுந்து போய்விட்டாள். நேரம் இன்னும் பாதி இருந்தது.

அவளை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்தான், பிறப்புப் பத்திரம் மட்டும் யாரும் எடுக்கவில்லை, பையனென்று எனக்கு எடுத்திருந்தார் அப்பா. நாகப்பட்டினத்தில் இறக்கி விட்டார்களாம். முசிறிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போய், கண்ணால் பார்த்திராத சொந்தக்காரர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக் கிடந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வருடத்துக்கு ஒரு கடிதமாவது எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை, ஒன்றும் திரும்பி வரவும் இல்லை. கடைசியில் அவள் போய்விட்டாள் என்று யாரோ எழுதிய ஒரு கார்டு வந்தது. கோணல் கையெழுத்து, நாலே வரி.

அவள் உயிரோடு இருந்தபோதே, கல்மேட்டுப் பக்கம் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு ஒரு நாள் தோட்டத்துக்குப் போனேன். என்னோடு யாரும் பேசவில்லை. லயத்துப் பெண்கள் வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள், ஒருத்தி தண்ணீரை எடுத்து என் காலடியில் படுகிற மாதிரி ஊற்றினாள். நேரே எல்லைக்கு நடந்தேன். குழி இருந்தது. ஊற்று கசிந்துகொண்டிருந்தது. ஆனால் நாங்கள் தவழ்ந்து போகிற கிழக்கு வாய் அங்கே இல்லை, பாறையும் மண்ணுமாக அடைத்து மேலே மரம் வளர்ந்திருந்தது. மேற்கே, காட்டுப் பக்கம், கரை உடைந்து நீளமாக ஒரு வழி திறந்திருந்தது. என் விரல் நாலு தடவை நிரப்பின அதே வால்.

பக்கத்து நிரையில் சீவிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் என்னை அடையாளம் தெரியாமல் வாய் கொடுத்தார். எப்போது இப்படி ஆனது என்று கேட்டேன்.

"ஜப்பான்காரன் காலத்துல அய்யா. பெரிய மழ ஒண்ணு பேஞ்சிச்சு பாருங்க, அப்ப சரிஞ்சது."

ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று வருடம் முன்பே நான் தோட்டத்தை விட்டுப் போனவன். அதற்கு அப்புறம் அக்காவைப் பார்க்க வந்தபோதும் அந்தக் குழிப் பக்கம் போனதில்லை. அக்காவும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாத ஒரு வடிவத்தை நான் எப்படிப் பிளாஸ்டரில் பண்ணியிருக்க முடியும்? அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்ல வேண்டியவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கடிதத்தில் எழுதினேன், படம் கூட வரைந்து அனுப்பினேன். படித்தாளோ, அடுப்பில் போட்டாளோ.

இப்போது நான் இருப்பது மலாக்காவுக்குப் பக்கத்தில் செங்கில், மகள் வீட்டில். பக்கத்து வீட்டு சுரேஷ் ஒரு தனியார் கம்பெனியில் சர்வேயர், நல்ல பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். போன வருடம் ஏதோ பேச்சுவாக்கில் அவன் கம்ப்யூட்டரில் மலை செய்து காட்டினான். கான்டூர் கோடுகளை உள்ளே கொடுத்தால் போதும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே சின்னச் சின்ன முக்கோணமாகப் பின்னி, இரண்டு நிமிடத்தில் மேடும் பள்ளமுமாக நிலத்தை எழுப்பி விடுகிறது. எலியைப் பிடித்து இழுத்தால் மலை சுற்றுகிறது. நான் ஆறு வாரம் வெட்டி ஒட்டினது.

என்னிடம் அந்தக் கல்மேட்டுத் தோட்டத்து வரைபடத்தின் படி ஒன்று இருந்தது. டிரேசிங் தாளில் என் கையாலேயே எடுத்தது. அன்று ஆபீஸிலிருந்து எடுத்து வந்ததை இத்தனை வீடு மாறியும் தொலைக்கவில்லை. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. அவன் அதை ஸ்கேன் பண்ணி, பொறுமையாக ஒவ்வொரு கோட்டின் மேலும் புள்ளி வைத்து, உயரம் கொடுத்துக்கொண்டே வந்தான். அவன் மனைவி கொண்டுவந்து வைத்த மைலோ ஆறிப்போனது.  அந்தக் கோடுகளுக்குள்ளேயே குழி ஒளிந்திருக்கலாம், கைக்குத் தெரியாத ஏதோ ஒரு வளைவில், மிஷின் அதைக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசையில்தான் இத்தனை வருடம் அந்தத் தாளை வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மலை எழுந்தது. "அந்த எல்லைப் பக்கம் கிட்டக் கொண்டு வாப்பா," என்றேன். கொண்டுவந்தான். சமம். "இன்னும் கிட்ட." வழவழவென்று ஒரே சரிவு.

"அங்க பள்ளம் ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல லா அங்கிள். கோட்டுல என்ன இருக்கோ அதான் வரும். கோட்டுல இல்லாதது வரணும்னா யாராச்சும் கையால புள்ளி வெக்கணும்." திரும்பிப் பார்த்தான். "ஏன் அங்கிள், அங்க பள்ளம் இருந்துச்சா? வெச்சிரட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே மலையை மூடினான்.

யாராவது கையால் வைக்க வேண்டும். அன்றிலிருந்து இந்த வார்த்தை என்னைப் போட்டு அறுக்கிறது. இதை இவ்வளவு நேரம் கேட்டதற்கு உங்களிடம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அக்காவிடம் கம்பி வலைக்கு முன்னால் இதைச் சொல்லவில்லை, கடிதத்திலும் எழுதவில்லை. அன்று கேப்டன் அந்தப் பள்ளத்திலிருந்து விரலை எடுத்தபோது அவர் விரல் நுனியில் ஈரமாக நீலம் ஒட்டியிருந்தது. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு நாங்கள் பூசுகிற நீலம். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார், யாரும் கவனிக்கவில்லை. அந்தச் சரிவில் வரைபடப்படி ஓடையோ ஊற்றோ கிடையாது, அந்த மலையில் எங்குமே நான் நீலத்தைத் தொடவில்லை. பச்சையும் இரண்டு நாளாகக் காய்ந்திருந்தது.

அவர்கள் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நேரே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்து, வெகுநேரம் கழுவினேன். கழுவுவதற்கு முன்னால் கைகளைப் பார்க்கவில்லை.